பல் மருத்துவ மாணவர் ஆய்வகத்துக்கு டிஜிட்டல் கருவிகள்: எது கற்றுக்கொடுக்கிறது, எது மறைக்கிறது?

மாணவர்களுக்காக டிஜிட்டல் ஆய்வகம் அமைக்கப் போகிறோம் என்றதும் விற்பனையாளர்கள் பேசுவது பெரும்பாலும் வேகத்தைப் பற்றித்தான். எத்தனை விநாடியில் முழுத் தாடை ஸ்கேன் ஆகும், எத்தனை நிமிடத்தில் கிரவுன் (பல்லின் மேல் போடும் உறை) கைக்கு வரும் என்றே கணக்குச் சொல்வார்கள். கிளினிக் நடத்துபவருக்கு அந்தக் கணக்கு போதும். கற்றுக்கொள்ளும் மாணவருக்குக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கிரவுன் டையில் (செதுக்கிய பல்லின் மாதிரியில்) சரியாக உட்காரவில்லை. பிழை பல்லைச் செதுக்கியதில் நுழைந்ததா, ஸ்கேனிலா, வடிவமைப்பிலா, பிரிண்ட் எடுத்துக் கழுவியதிலா? இதை அந்த மாணவரே பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்க முடிகிறதா? ஒவ்வொரு கருவியையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

பார்த்த கருவிகள் இவை: வாய்க்குள் ஸ்கேன் எடுக்கும் கையடக்க ஸ்கேனர், வடிவமைப்புக்கு எக்ஸோகேட் மென்பொருள், இலவச வழிக்கு மெஷ்மிக்ஸரும் பிளெண்டரும், லேசர் வகை ரெசின் (ஒளி பட்டால் இறுகும் திரவம்) பிரிண்டருக்கு ஃபார்ம் 3பி, அதோடு பொதுவாகக் கிடைக்கும் எல்சிடி வகை பிரிண்டர்கள், பிரிண்டைக் கழுவும், ஒளியால் பதப்படுத்தும் பெட்டிகள், 98 மி.மீ. வட்டுகளைச் செதுக்கும் 5 ஆக்சிஸ் உலர் மில்லிங் மெஷின். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் எங்கள் பரிந்துரை: முதலில் பிரிண்டர், அடுத்து ஸ்கேனர், மில்லிங் மெஷினைக் கடைசியாக, முடிந்தால் வேறு துறையோடு பகிர்ந்து. ஏன் என்பதைக் கீழே சொல்கிறோம். மில்லிங்கை முற்றிலும் விட்டுவிடவும் கூடாது. அதற்கும் காரணம் உண்டு.

ஸ்கேனர்

ஸ்கேனரை இயக்க மாணவர்கள் ஒரே வகுப்பில் பழகிவிடுகிறார்கள். கவலைக்குரிய விஷயமும் அதுதான். பயிற்சித் தாடையில் எச்சில் இல்லை, நாக்கு இல்லை, ரத்தம் இல்லை, ஈறும் நகராது. திரையில் அழகான படம் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இதைச் சரிசெய்யச் செலவில்லாத வழி இருக்கிறது. செதுக்கிய பல்லைச் சுற்றி மென்மையான சிலிக்கோன் ஈறு வையுங்கள். மார்ஜின், அதாவது செதுக்கல் முடியும் எல்லைக்கோடு, ஓரிடத்தில் ஈறுக்கு மேலேயும் இன்னோர் இடத்தில் அரை மி.மீ. கீழேயும் இருக்கட்டும். பக்கத்துப் பல்லுக்கு நடுவில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். இப்போது ஸ்கேன் எடுக்கச் சொன்னால் மார்ஜின் கூர்மையான கோடாக வராமல் வழுக்கிய சரிவாக வரும். தண்ணீர் நின்ற இடம், உண்மையில் இல்லாத ஒரு பரப்பாக மூடிக்கொள்ளும். காற்று அடித்து உலர்த்தி, ஈறை நூல் வைத்து விலக்கி மறுபடியும் எடுத்து இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தால் விளக்கமே தேவைப்படாது.

முழுத் தாடை ஸ்கேனில் இன்னொரு பிழை கண்ணுக்கே தெரியாமல் ஒளிந்திருக்கும். ஸ்கேனர் சிறு சிறு படங்களை ஒன்றோடொன்று தைத்துத்தான் தாடையை உருவாக்குகிறது. ஒவ்வொரு தையலிலும் நுழையும் சிறு விலகல் சேர்ந்துகொண்டே போய், ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்குள்ள அகலத்தில் வெளிப்படும். முன்பற்களின் நாக்குப் பக்கத்தில் பிடிப்பதற்கு அடையாளம் குறைவு. தையல் அதிகம் நழுவுவதும் அங்கேதான். கடிப்பரப்பில் தொடங்கி நாக்குப் பக்கம் வழியாகத் திரும்பி, கன்னப் பக்கத்தில் முடிப்பது பல நிறுவனங்கள் சொல்லும் வழி. எந்த வழியானாலும் நடுவில் தாவக் கூடாது.

இதற்கு ஒரு பயிற்சி வையுங்கள். தாடையின் இரு பக்கக் கடைசிக் கடைவாய்ப் பற்களுக்கு இடையே, குறித்து வைத்த இரண்டு புள்ளிகளை டிஜிட்டல் வெர்னியரால் அளக்க வேண்டும். அதே தூரத்தை மென்பொருளில் ஸ்கேன் கோப்பில் அளக்க வேண்டும். பிறகு பிரிண்ட் எடுத்த மாடலில் அளக்க வேண்டும். முதல் எண்ணும் இரண்டாவதும் வேறுபட்டால் பிழை ஸ்கேனில். இரண்டாவதும் மூன்றாவதும் வேறுபட்டால் பிழை பிரிண்டில், அல்லது பதப்படுத்தியதில். கையால் அளப்பதிலேயே 0.05 மி.மீ. அளவு தள்ளாட்டம் இருக்கும் என்பதால் மூன்று முறை அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரப் பயிற்சிதான். இந்த ஆய்வகத்தில் நடக்கும் பயிற்சிகளில் மிகவும் பயனுள்ளது இதுதான் என்பது எங்கள் கருத்து.

வாங்கும்போது பார்க்க வேண்டியது கோப்பு வெளியே வருகிறதா என்பதை. எஸ்டிஎல், பிஎல்ஒய் கோப்புகளைக் கட்டுப்பாடின்றி எடுக்க விடாத ஸ்கேனர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாணவர் ஆய்வகத்துக்கு வேண்டாம். எஸ்டிஎல் வெறும் முக்கோணங்களின் தொகுப்பு, நிறம் தாங்காது. பிஎல்ஒய் நிறத்தையும் தாங்கும். ஈறும் பல்லும் நிறத்தால் பிரிந்து தெரிவதால் மார்ஜின் வரையும்போது அது பெரிய உதவி.

வடிவமைப்பு மென்பொருள்

எக்ஸோகேட் முழுமையான மென்பொருள், பல் லேப்களில் பரவலாக இருப்பது. மாணவர் வெளியே போனதும் இதையோ இதைப் போன்ற ஒன்றையோதான் பார்ப்பார். படிப்படியாகக் கைபிடித்து அழைத்துச் செல்லும் விசார்ட் முறையும் எல்லாவற்றையும் நாமே தொடும் எக்ஸ்பர்ட் முறையும் உண்டு. விசார்ட் முறையில் 'அடுத்து, அடுத்து' என்று அழுத்திக்கொண்டே போனாலும் பார்க்க ஒழுங்கான ஒரு கிரவுன் வந்துவிடும். ஆகவே முதல் ஐந்து கிரவுன்களுக்காவது தானியங்கி மார்ஜின் கண்டறிதலைத் தொடாமல், புள்ளி புள்ளியாகக் கையால் வரையச் சொல்ல வேண்டும். மார்ஜின் எங்கே ஓடுகிறது என்று தெரியாதவர், மென்பொருள் தவறாக வரைந்ததையும் கவனிக்க மாட்டார்.

கிரவுனின் உட்பக்க அளவுகளை மாணவர் மனப்பாடமாக அல்ல, காரணத்தோடு தெரிந்துகொள்ள வேண்டும். சிமெண்ட்டுக்கான இடைவெளி 50 முதல் 80 மைக்ரான் வரை வைப்பது வழக்கம். மார்ஜினிலிருந்து சுமார் 1 மி.மீ. மேலே தள்ளித்தான் அந்த இடைவெளி தொடங்க வேண்டும். மார்ஜினை ஒட்டிய பட்டை பல்லோடு நெருங்கியே இருக்க வேண்டும். இடைவெளி 20 மைக்ரான் என்றால் கிரவுன் பாதியில் சிக்கும். 150 என்றால் தளரும், சிமெண்ட் தடிமனாகும். ஒரே ஸ்கேனுக்கு 30, 70, 150 என்று மூன்று கிரவுன் வடிவமைத்து, மூன்றையும் பிரிண்ட் எடுத்து, ஒரே டையில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் உணரும் வித்தியாசத்தைத் திரை உணர்த்தாது. மார்ஜினில் எவ்வளவு இடைவெளி பொறுத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி வரும்போது, 1971-ல் மெக்லீனும் வான் ஃபிரான்ஹோஃபரும் சொன்ன 120 மைக்ரான் என்ற வரம்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மாணவர் மனதில் இருக்க வேண்டிய எண் அது.

கிரவுனை இறக்கும் திசையை மாற்றும்போது அண்டர்கட் (கிரவுன் இறங்குவதைத் தடுக்கும் உட்குழிவு) எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வண்ண வரைபடமாகக் காட்டும் வசதி வகுப்புக்கு வரப்பிரசாதம். செதுக்குவதற்கு முன்னால் எடுத்த ஸ்கேனையும் பின்னால் எடுத்ததையும் மேலடுக்காகப் பொருத்தி, எங்கே எவ்வளவு சீவப்பட்டது என்று வெட்டுமுகத்தில் அளக்கலாம். லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கானுக்குக் கடிப்பரப்பில் 1.5 மி.மீ. வேண்டும், இங்கே 0.9-தான் இருக்கிறது என்று எண்ணாகவே தெரியும்போது, "கொஞ்சம் குறைவாகச் சீவியிருக்கிறாய்" என்ற பழைய வாக்குவாதம் முடிந்துவிடுகிறது.

எக்ஸோகேட்டின் குறை உரிமம். ஒவ்வோர் இருக்கைக்கும் தனி உரிமம் வேண்டும் என்பதால் மாணவர் வீட்டில் பயிற்சி செய்ய வழியில்லாமல் போகலாம். அந்த இடைவெளியை நிரப்ப இலவச மென்பொருள்கள் உதவும். மெஷ்மிக்ஸரின் வளர்ச்சியை ஆட்டோடெஸ்க் நிறுவனம் நிறுத்திவிட்டது. இருந்தாலும் மாடலை வெட்ட, அடித்தளம் சேர்க்க, உள்ளே குடைய, ஓட்டை அடைக்க இன்னும் கைகொடுக்கும். மார்ஜின், இறக்கும் திசை போன்ற பல் மருத்துவக் கருத்துகள் எதுவும் அதில் கிடையாது. பிளெண்டர் வலிமையானது, தொடர்ந்து வளர்கிறது. ஆனால் பல் மருத்துவ மாணவருக்கு முதல் இரண்டு வாரம் மலைப்பாக இருக்கும். அதில் ஒரு பொறி உண்டு. எஸ்டிஎல் கோப்பில் அலகே கிடையாது, வெறும் எண்கள்தான். பிளெண்டர் இயல்பாக மீட்டரில் நினைப்பதால் 60 மி.மீ. தாடை 60 மீட்டராகத் திறக்கும். அலகு அளவை 0.001 என்று மாற்றிவிட்டு ஆரம்பிக்க வேண்டும். அங்குலத்தில் நினைக்கும் மென்பொருளிலிருந்து வந்த கோப்பு என்றால் 25.4 மடங்கு வித்தியாசம் வரும். இதை ஒருமுறை நேரில் பார்த்த மாணவர் கோப்பைத் திறந்ததும் முதலில் அகலத்தை அளந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

கோப்பை ஏற்றினால் சில நிமிடங்களில் கிரவுனை வரைந்து தரும் தானியங்கிச் சேவைகளை முதல் பருவத்தில் தவிர்ப்பது நல்லது. கையால் வடிவமைக்கத் தெரிந்த பிறகு, அந்தச் சேவை தந்த கிரவுனில் குறை கண்டுபிடிக்கும் பயிற்சியாக வைத்தால் அருமையாகப் பயன்படும்.

பிரிண்டர்

இந்தத் தொகுப்பில் சிறந்த ஆசான் இதுதான். தவறு செய்தால் சில மணி நேரத்தில் கையில் கொடுத்துவிடும்; பொருள் வீணானாலும் சில மி.லி. ரெசின்தான்.

ஃபார்ம் 3பி 405 நானோமீட்டர் லேசரால் ரெசினை இறுக வைக்கிறது. தளம் 145க்கு 145 மி.மீ. அளவு. நெகிழும் தொட்டி என்பதால் ஒவ்வோர் அடுக்கும் மென்மையாகப் பிரிகிறது, சப்போர்ட்டை (மாடலைத் தாங்கும் மெல்லிய கால்களை) சிறியதாக வைக்கலாம், கிள்ளி எடுத்தால் தழும்பு குறைவு. தயாரிப்பு மென்பொருளான பிரீஃபார்ம் இலவசம் என்பதால் மாணவர்கள் பிரிண்டர் இல்லாமலே கோப்பைத் தயார்செய்து பழகலாம். 2024-ல் வந்த ஃபார்ம் 4 வரிசையில் இதைத் தயாரிக்கும் ஃபார்ம்லேப்ஸ் நிறுவனமே லேசரை விட்டு எல்சிடி திரைக்கு மாறிவிட்டது. வகுப்புக்கு இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், லேசர் ஒவ்வோர் அடுக்கிலும் வடிவத்தை வரைந்தாக வேண்டும். மாடல் கூடினால் நேரமும் கூடும். எல்சிடி ஓர் அடுக்கை ஒரே வீச்சில் ஒளியூட்டுகிறது. நேரத்தை முடிவுசெய்வது உயரமும் அடுக்கின் தடிமனும்தான். 20 மி.மீ. உயர மாடல் 100 மைக்ரான் அடுக்கில் 200 அடுக்கு, 50 மைக்ரானில் 400. தளத்தில் ஒரு மாடல் இருந்தாலும் நான்கு இருந்தாலும் எல்சிடிக்கு ஒரே நேரம்தான். ஒரு குழுவின் வேலையை ஒரே தடவையில் எடுக்க வேண்டிய ஆய்வகத்துக்கு எல்சிடி வகையே பொருத்தம். ஒன்றிரண்டு சர்ஜிகல் கைடு (அறுவை சிகிச்சையில் கருவிக்கு வழிகாட்டும் அச்சு) எடுப்பவருக்கு 3பி இன்றும் நல்ல கருவி.

எங்கே தவறும் என்பதையும் விரிவாகச் சொல்ல வேண்டும். மாடலைத் தளத்தில் நேரடியாகப் படுக்க வைத்தால் முதல் சில அடுக்குகள் அதிக ஒளி வாங்கிச் சற்றுப் பரந்துவிடும். கழற்றிப் பொருத்தும் டை வைத்த மாடலில் டை அதன் குழிக்குள் இறங்காமல் அடம்பிடிக்கும். உள்ளே குடைந்து வெறுமையாக விட்ட மாடலில் வடிகால் துளை இல்லையென்றால் உறிஞ்சும் கிண்ணம் போலத் தொட்டியின் அடியைப் பிடித்து இழுக்கும். சுவர் கிழியும், அல்லது மாடலே தளத்திலிருந்து கழன்று தொட்டியில் கிடக்கும். சுவர் 2 மி.மீ., துளை குறைந்தது இரண்டு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பலாம். கிரவுனின் உட்பக்கத்திலோ மார்ஜினிலோ சப்போர்ட் வைக்கவே கூடாது. தானியங்கி சப்போர்ட் கொடுக்கும் மென்பொருள் சில நேரம் அங்கேயே கொண்டுபோய் வைக்கும், கையால் நீக்க வேண்டும்.

பிரிண்ட் தோற்றால் அடுத்ததை அப்படியே தொடங்கக் கூடாது. தொட்டிக்குள் இறுகிய துண்டு மிதந்தால் அடுத்த தடவை தளம் அதை அழுத்தித் திரையையே உடைக்கும். ரெசினை வடிகட்டி ஊற்றி, தொட்டியின் அடியைக் கையுறை போட்ட விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உலோகக் கரண்டியால் சுரண்டினால் தொட்டியின் அடியாக இருக்கும் படலம் போய்விடும். இந்தச் சுத்தத்தை ஆய்வக உதவியாளர் செய்யாமல் மாணவரே செய்ய வேண்டும். ஏன் தோற்றது என்பதற்கான சாட்சி அந்தத் தொட்டியில்தான் இருக்கிறது.

கழுவுவதில் நடக்கும் தவறுகள் வடிவமைப்புத் தவறு போல வேடம் போட்டு வரும். கழுவப் பயன்படும் ஐசோபுரோபில் ஆல்கஹால் பழையதாகி ரெசின் கலந்து பிசுபிசுத்துவிட்டால், கிரவுனின் உள் மூலைகளில் மெல்லிய ரெசின் படலம் தங்கி, பதப்படுத்தும்போது கெட்டியாகிவிடும். கிரவுன் உட்காராது, மாணவர் சிமெண்ட் இடைவெளியைக் குறைகூறுவார். அழுக்குத் தொட்டி ஒன்று, சுத்தத் தொட்டி ஒன்று என்று இரண்டு வைத்து, அந்தந்த ரெசினுக்கு நிறுவனம் சொல்லும் நேரத்துக்கு மேல் ஊற வைக்காமல் எடுக்க வேண்டும். அதிகம் ஊறினால் மாடல் வீங்கி வெடிப்பு விடும். எடுத்ததும் காற்று அடித்து, அரை மணி நேரமாவது உலரவிட்டுத்தான் ஒளிப்பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் வெண்படலம் படியும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இறுகாத ரெசின் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்கத் தொடரலாம். பல் மருத்துவருக்கு அது தொழிலையே பாதிக்கும், ஏனென்றால் பல் அடைக்கும் காம்போசிட்டிலும் பாண்டிங் திரவத்திலும் அதே குடும்பப் பொருள்கள்தான் இருக்கின்றன. லேடெக்ஸ் கையுறை போதாது, நைட்ரைல் வேண்டும், ரெசின் பட்டதும் மாற்ற வேண்டும். கழுவும் பெட்டி ஒன்றிலேயே 8 லிட்டருக்கு மேல் ஆல்கஹால் நிற்கக்கூடும் என்பதால் தீப்பொறி வரும் எந்தக் கருவியும் அந்த அறையில் இருக்கக் கூடாது, காற்றோட்டமும் கட்டாயம்.

மில்லிங்

விலையும் பராமரிப்பும் அதிகம், மூடிய பெட்டிக்குள் வேலை நடப்பதால் மாணவர் வேடிக்கை பார்ப்பவராகிவிடுகிறார். ஜிர்கோனியா என்ற கடினமான பீங்கான் என்றால் வட்டில் அச்சிட்டிருக்கும் விரிவாக்க எண்ணை மென்பொருளில் சரியாக இட வேண்டும். சுமார் 20 சதவீதம் பெரியதாகச் செதுக்கி, 1500 டிகிரி செல்சியஸ் அளவில் சூளையில் வைத்தால்தான் சுருங்கி அளவுக்கு வரும். வழக்கமான சூளைச் சுழற்சிக்கே பல மணி நேரம் ஆகிவிடும், ஒரு வகுப்புக்குள் அடங்காது. பயிற்சிக்கு பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்) வட்டும் மெழுகு வட்டும் போதும். பிஎம்எம்ஏவுக்கென்ற பர்ரை (செதுக்கும் முனையை) ஜிர்கோனியாவுக்கும் ஜிர்கோனியா பர்ரை பிஎம்எம்ஏவுக்கும் போட்டால் ஒன்றில் முனை மழுங்கும், மற்றொன்றில் துகள் உருகி ஒட்டும்.

இருந்தும் மில்லிங் கற்றுக்கொடுக்கும் ஒரு பாடத்தைப் பிரிண்டர் கற்றுக்கொடுக்காது. 1 மி.மீ. விட்டமுள்ள பர் அரை மி.மீ. ஆரத்தைவிடக் கூர்மையான உள் மூலையைச் செதுக்க முடியாது. செதுக்கிய பல்லின் விளிம்பு கத்தி போல இருந்தால் மென்பொருளுக்கு இரண்டே வழி. ஒன்று, பர் நுழைவதற்காகக் கிரவுனின் உட்பக்கத்தைத் தேவைக்கு மேல் குடையும். அங்கே கிரவுன் மெலியும், சிமெண்ட் தேங்கும். மற்றொன்று, குடையாமல் விட்டுவிடும், கிரவுன் உட்காராது. 1980-களில் ஜூரிக் பல்கலைக்கழகத்தில் மோர்மனும் பிராண்டெஸ்தினியும் உருவாக்கிய முதல் செரெக் இயந்திரத்தில் சக்கரம் போன்ற அரைக்கும் தட்டுதான் இருந்தது. இன்லேயின் (பல்லின் குழிக்குள் பொருத்தும் துண்டின்) கடிப்பரப்பை மருத்துவர் கையாலேயே செதுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கருவியின் வடிவமே பல்லின் வடிவத்துக்கு எல்லை போடுகிறது என்பதற்கு அன்றிலிருந்தே உதாரணம் இருக்கிறது. பிரிண்ட் எடுத்த கிரவுன் கூர்மையான விளிம்பிலும் உட்கார்ந்துவிடும். எனவே பிரிண்டரில் மட்டுமே பழகிய மாணவர் விளிம்புகளை உருட்டும் பழக்கம் இல்லாமல் வெளியே போவார். ஒரே பல்லைக் கூர்மையாக ஒன்றும், உருட்டியது ஒன்றுமாகச் செதுக்கி, இரண்டுக்கும் மில்லிங் முன்னோட்டத்தைத் திரையில் வெட்டுமுகமாகக் காட்டினாலே பாதிப் பாடம் ஆயிற்று. மெஷினை ஒவ்வொரு மாணவருக்கும் ஓட்ட வேண்டியதில்லை.

கிரவுன் உட்காராதபோது

எல்லாக் கருவிகளும் சேர்ந்து சோதனைக்கு வருவது இங்கேதான். பின்பற்ற வேண்டிய வரிசை இது. முதலில் பக்கத்துப் பற்களோடு உரசுகிறதா என்று 8 மைக்ரான் ஷிம் ஃபாயிலை (மிக மெல்லிய தாளை) நுழைத்துப் பார்க்க வேண்டும். கிழிந்தால் இறுக்கம் அங்கே. பக்கத்துப் பற்களைக் கழற்றிவிட்டு டையில் தனியாகப் போட்டும் உட்காரவில்லை என்றால், இளகிய சிலிக்கோனைக் கிரவுனுக்குள் பூசி அழுத்தி, இறுகியதும் கழற்றிப் பார்க்க வேண்டும். சிலிக்கோன் கிழிந்து கிரவுனின் நிறம் தெரியும் இடம் முட்டும் இடம். அது விளிம்பில் இருந்தால் கூர்மை அல்லது பர் ஆரம். உள் மூலையில் இருந்தால் கழுவாத ரெசின். ஓரிடத்தில் மட்டும் பொட்டு போல இருந்தால் சப்போர்ட் மீதம், அல்லது ஸ்கேனில் நுழைந்த குமிழ். சுற்றிலும் சீராக முட்டினால் சிமெண்ட் இடைவெளி போதவில்லை. எங்கும் முட்டாமல் மார்ஜின் மட்டும் ஒரு பக்கம் திறந்திருந்தால் மார்ஜின் கோட்டைத் தவறாக வரைந்திருக்கிறார்கள். அந்த இடத்தை ஸ்கேனில் பெரிதாக்கிப் பார்த்தால் ஈறைப் பல்லென்று நினைத்தது தெரிந்துவிடும். இந்த வரிசையை மாணவர் எழுதி ஒப்படைக்க வேண்டும். மதிப்பெண்ணில் பாதியைக் கிரவுனுக்கும் பாதியை இந்தக் குறிப்புக்கும் கொடுப்பதே நியாயம்.

எவ்வளவு வாங்கலாம்?

எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு ஒரு ஸ்கேனர் தாராளம். ஒருவர் ஸ்கேன் எடுக்கும்போது மற்றவர்கள் வடிவமைப்பில் இருப்பார்கள். கணினி எட்டும் வேண்டும், இதில் கஞ்சத்தனம் கூடாது. விலையுயர்ந்த ஒரு பிரிண்டருக்குப் பதில் நடுத்தரமாக இரண்டு வாங்குங்கள். ஒன்று சுத்தத்துக்கு நின்றாலும் வகுப்பு நிற்காது. தொட்டிப் படலமும் எல்சிடி திரையும் தேய்ந்து தீரும் பொருள்கள் என்பதை வருடாந்தரச் செலவில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

செயல்விளக்கத்துக்கு விற்பனையாளர் வரும்போது அவர் கொண்டுவரும் மாடலில் பார்க்க வேண்டாம். ஒரு விளிம்பு கூர்மையாகவும் ஒரு பக்க மார்ஜின் ஈறுக்கு அடியிலும் இருக்கும்படி செதுக்கிய உங்கள் தாடையைக் கொடுங்கள். ஸ்கேன் எடுத்து, கோப்பை உங்கள் பென் டிரைவில் போட்டுத் தரச் சொல்லி, வேறு நிறுவனத்து மென்பொருளில் அங்கேயே திறந்து பாருங்கள். பிரிண்டரைப் பாதியில் நிறுத்தச் சொல்லி, தொட்டியைச் சுத்தம் செய்து மறுபடி ஓடவைக்க எவ்வளவு நேரம் ஆகிறது, அதை ஒரு மாணவரால் செய்ய முடியுமா என்று கவனியுங்கள். மாற்றுத் தொட்டி, படலம், திரை கையிருப்பில் இருக்கிறதா, எத்தனை நாளில் வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு ஆர்டர் கொடுங்கள்.